பிள்ளைக் காசு நின்றுபோன எட்டு மாதங்கள்

கனடாவின் ஸ்காபரோவில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மாதத்தின் 20 ஆம் திகதி ஒரு தனி நாள். அன்று தமிழ்க் கடைகளில் கூட்டம் சற்று அதிகமாக இருக்கும். மீன் வெட்டும் இடத்தில் காத்து நிற்க வேண்டியிருக்கும். பால்மாப் பெட்டியும் நெத்தலிக் கருவாடும் அரிசி மூட்டையும் அன்றுதான் வண்டியில் ஏறும். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: அன்றைக்குப் பிள்ளைக் காசு வங்கியில் விழும். அரசாங்கம் அதற்கு வைத்திருக்கும் பெயர் கனடா பிள்ளை நலக் கொடுப்பனவு. நம்மவர்கள் பேபி போனஸ் என்றும் சைல்ட் டக்ஸ் என்றும் பிள்ளைக் காசு என்றும் சொல்வார்கள். 2023 ஜூலை 20 அன்று எனக்கு அது விழவில்லை. கடை வரிசையில் நின்று வங்கி அட்டையைப் போட்டபோது பணம் போதாது என்று இயந்திரம் காட்டியது. வங்கியில் ஏதோ தாமதம் என்று நினைத்து, அரிசியையும் பாலையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தாமதம் எட்டு மாதம் நீடித்தது. அந்த எட்டு மாதமும் என்ன நடந்தது, எங்கே தவறினேன், எவ்வளவு இழந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்போது எனக்கு இதையெல்லாம் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதித் துன்பமாவது குறைந்திருக்கும்.

அந்தக் காசு எங்கள் வீட்டில் என்ன இடத்தில் இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நான் ஒரு வெதுப்பகத்தில் பகுதி நேரமாகப் பொதி செய்யும் வேலை பார்த்தேன். கணவர் தொழிற்சாலை வேலை போன பிறகு சொந்தக் காரில் உணவுப் பொதிகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்தார். 2022 ஆம் ஆண்டுக்கு இருவரின் நிகர வருமானமும் சேர்ந்து 33,000 டொலர் அளவுதான், அதாவது மாதம் 2,750. நிலக்கீழ் வீட்டின் வாடகை 1,550. மகனுக்கு அப்போது எட்டு வயது, மகளுக்கு நாலு. 2023 ஜூலையில் தொடங்கிய கொடுப்பனவு ஆண்டில், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு அதிகபட்சம் 7,437 டொலர், ஆறு முதல் பதினேழு வயது வரையான பிள்ளைக்கு 6,275 டொலர். குடும்ப வருமானம் 34,863 டொலருக்குள் இருந்தால் இந்தத் தொகை முழுமையாகக் கிடைக்கும். எங்கள் கணக்குக்கு மாதம் 1,142 டொலர் 66 சதம் வரவேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் பிள்ளை உதவியும் அதே வைப்பில் சேர்ந்துதான் வரும். வாடகையும் காரும் தொலைபேசியும் எங்கள் சம்பளத்தைத் தின்றுவிடும்; நாங்கள் தின்றது பிள்ளைக் காசைத்தான்.

இது வரிச் சலுகையாக இருப்பதால் ஒரு குழப்பம் உண்டு. வரி கட்டுகிறவர்களுக்குத்தானே சலுகை, வரியே கட்டாத எங்களுக்கு எதற்கு வரிக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். என் கணவரும் அப்படித்தான் நினைத்தார். இது கட்ட வேண்டிய வரியைக் குறைப்பதோடு நிற்கும் வகை அல்ல. கட்ட வேண்டிய வரி ஒரு சதமும் இல்லாவிட்டாலும் முழுத் தொகையும் கையில் வரும், அந்தக் காசுக்கு வரியும் இல்லை. அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்றைக் கேட்கிறார்கள்: ஆண்டுதோறும் கணவனும் மனைவியும் இருவரும் தத்தம் வரிக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். ஒருவருக்கு வருமானமே இல்லாவிட்டாலும் பூச்சியம் என்று எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். முந்திய ஆண்டின் கணக்கை வைத்துத்தான் ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை எவ்வளவு என்று தீர்மானிக்கிறார்கள். இருவரில் ஒருவருடைய கணக்கு வராவிட்டாலும் ஜூலையில் காசு நின்றுவிடும்.

நான் என் கணக்கை ஏப்ரலிலேயே கொடுத்திருந்தேன். கணவர் கொடுக்கவில்லை. சுயதொழில் செய்பவர்களுக்கு ஜூன் 15 வரை தவணை உண்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆறுதலாக இருந்தார், ஜூனும் போனது. உண்மையில் அவரைத் தடுத்தது தவணை அல்ல, பயம். சுயதொழில் செய்பவர் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளி பங்கையும் முதலாளி பங்கையும் தானே கட்ட வேண்டும். அது இரண்டாயிரத்துக்கு மேல் வரும் என்று ஒரு நண்பர் சொல்லிவிட்டார். கையில் இல்லாத காசைக் கட்டச் சொல்லுவார்கள் என்று பயந்து, பெற்றோல் பற்றுச்சீட்டுகளை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு அலுமாரியின் மேல் வைத்துவிட்டார். இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்கிறேன். கட்டக் காசு இல்லையென்றாலும் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். கட்ட வேண்டியதை வைத்துக்கொண்டு கணக்கையும் பிந்திக் கொடுத்தால், நிலுவையில் நூற்றுக்கு ஐந்து தண்டம், அதன்மேல் பிந்தும் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் நூற்றுக்கு ஒன்று. கணக்கைக் கொடுத்துவிட்டுத் தவணை முறையில் கட்டுகிறேன் என்று கேட்டால் தண்டம் இல்லை, வட்டி மட்டும்தான். அவர் பயந்த இரண்டாயிரத்துக்காக மாதம் 1,142 டொலரை நாங்களே நிறுத்திக்கொண்டோம். ஜூன் 15 என்ற தவணையையும் நம்பியிருக்க வேண்டாம். அது தண்டத்துக்கான தவணைதான். ஜூன் நடுவில் தாளில் எழுதி அனுப்பினால் அதைப் பார்த்து முடிப்பதற்குள் ஜூலை 20 கடந்துவிடும்.

எங்களை ஏமாற்றிய இன்னொரு விடயமும் இருந்தது. அந்த ஜூலை 5 ஆம் திகதி, விலைவாசி ஏற்றத்துக்காக மத்திய அரசு ஒரு தடவை மட்டும் கொடுத்த மளிகைச் செலவு உதவித் தொகை எங்கள் வங்கிக்கு வந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு அது 467 டொலர் வரை. அது பழைய, 2021 ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துக் கொடுத்தது. அதைப் பார்த்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நான் நம்பினேன். அதே நாளில் வரவேண்டிய, விற்பனை வரியை ஈடுசெய்யும் காலாண்டுக் கொடுப்பனவு வராமல் விட்டதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் பதினைந்து நாள் முன்னதாகவே விழித்திருப்பேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்ரோபர் மாதங்களில் வரும் அந்தக் கொடுப்பனவை நீங்கள் பெறுகிறவர் என்றால் ஜூலை மாதத்தில் அதைத் தேடிப் பாருங்கள். அது வராவிட்டால் பிள்ளைக் காசும் வராமல் போகக்கூடும்.

ஓகஸ்ட் மாதம் முழுக்க வாரத்துக்கு நூறு டொலரில் நாலு வயிறுகளை நிரப்பினேன். வீட்டில் உணவு எந்த ஒழுங்கில் குறையும் என்பது அதை நடத்தியவளுக்குத்தான் தெரியும். முதலில் மீன் போனது, டின் மீன் வந்தது. பிறகு பழங்கள் போயின. வாழைப்பழம் மட்டும் மிஞ்சியது. பாலில் தண்ணீர் சேர்ந்தது. மரக்கறி இரண்டிலிருந்து ஒன்றானது, அதுவும் கோவாவோ கரட்டோதான். அதன் பிறகு என் தட்டு. பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போட்டுவிட்டு, வேலையிடத்தில் சாப்பிட்டேன் என்று சொல்வேன். வெதுப்பகத்தில் மிஞ்சிய பாணை எடுக்க அனுமதி இருந்ததால் அது முழுப் பொய்யும் அல்ல. பல மாதம் கழித்து, இந்த நாட்டில் உணவுப் பற்றாக்குறையை அளக்கப் பயன்படுத்தும் பதினெட்டுக் கேள்விகளைப் படித்தேன். காசு வருமுன் சாப்பாடு முடிந்துவிடுமோ என்ற கவலையில் அது தொடங்குகிறது. சத்தான சாப்பாடு வாங்க முடியாமை, பெரியவர்கள் அளவைக் குறைத்தல், வேளையைத் தவிர்த்தல் என்று போய், கடைசியில் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. அதைப் படித்தபோது என் ஓகஸ்ட், செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நவம்பரில் ஒரு நாள் மகன் தன் அரைவாசிச் சோற்றைத் தங்கைக்குத் தள்ளிவிட்டு எனக்குப் பசியில்லை என்றான். அந்தப் பொய்யை அவன் என்னிடம்தான் பழகியிருந்தான்.

நான் செய்த பெரிய தவறு ஓகஸ்டில் நடந்தது. ஒரு பிளாசாவில் சிறு அறை எடுத்து வரிக் கணக்குச் செய்து கொடுக்கும் ஒருவரிடம், தெரிந்தவர்கள் சொல்லிப் போனேன். கணவரின் பெட்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் கைகாட்டி நிறுத்தினார். “உந்தப் பெட்டியைக் கிளறினால் ஆறு மாதம் போகும் தங்கச்சி. நான் வேற வழியாச் செய்து தாறன்” என்றார். 180 டொலர், பணமாக. கையொப்பம் போடச் சொன்ன தாளில் போட்டேன். அவர் செய்த வேறு வழி, நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம் என்று பதிவு செய்தது. பிரிந்தவள் என்றால் கணவரின் கணக்கு தேவையில்லை, காசு உடனே வரும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவர் திரையில் எதையோ மாற்றியதைப் பார்த்தேன், கேட்கவில்லை; கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரும் என்று உள்ளே எங்கோ தெரிந்திருந்தது. வீட்டில் மூன்று நாள் அரிசிதான் இருந்தது. இதை நியாயம் என்று சொல்லவில்லை, அன்றைய மனநிலையைச் சொல்கிறேன். கையொப்பம் போடும் தாளில் குடும்ப நிலை என்ற ஒரு வரி, முகவரி என்ற ஒரு வரி, வங்கிக் கணக்கு என்ற ஒரு வரி. இந்த மூன்றையும் விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் போட வேண்டும். செய்து கொடுத்தவர் யாராக இருந்தாலும் பொறுப்பு கையொப்பம் போட்டவருக்குத்தான். செய்து கொடுத்தவரின் பெயர் அதில் இல்லாமலும் போகலாம்.

ஒரே முகவரியில் இருக்கும் இருவர் பிரிந்திருக்கிறோம் என்று சொன்னால் அதைச் சரிபார்க்கக் கடிதம் வருவது இயல்பு. வந்த கடிதம் பழைய முகவரிக்குப் போனது. நாங்கள் அந்த மே மாதம்தான் இரண்டு தெரு தள்ளி வீடு மாறியிருந்தோம். வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சொன்ன நான் வரித் திணைக்களத்துக்குச் சொல்லவில்லை, அந்த மனிதரும் பழைய முகவரியிலேயே விட்டுவிட்டார். நவம்பர் முதல் வாரத்தில் பழைய வீட்டு அக்கா ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து தந்தபோது பதில் கேட்ட நாள் கடந்திருந்தது. அன்று இரவு கணவரும் நானும் போட்ட சண்டையை எழுத விரும்பவில்லை. ஆனால் அதன் முடிவில் அவர் எழுந்து சப்பாத்துப் பெட்டியை இறக்கி மேசையில் கவிழ்த்தார். நான்கு மாதத்தில் நடந்த முதல் நல்ல காரியம் அதுதான்.

இதற்கிடையே சாப்பாட்டுக்காக வாங்கிய கடன்கள். தெருமுனைச் சம்பளக் கடன் கடையில் 500 டொலர் எடுத்தேன். ஒன்ராறியோவில் அப்போது நூறு டொலருக்கு 15 டொலர் வரை கட்டணம் வாங்கச் சட்டம் இடம் கொடுத்தது. இரண்டு வாரத்தில் 575 டொலராகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த மறுநாளே மறுபடியும் கை வெறுமை, மறுபடியும் 500. இப்படி நாலு முறை எடுத்ததில் 300 டொலர் கட்டணத்துக்கு மட்டும் போனது, 500 டொலருக்கு! கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிய மூன்று கட்டளைகளுக்கு வங்கி தலா 48 டொலர் எடுத்தது. கடன் அட்டையில் மளிகை வாங்கியதற்கு வட்டி ஏறத்தாழ 210. ஊரில் சீட்டுப் பிடித்து வளர்ந்தவள் நான். இங்கும் எங்கள் வெதுப்பகத்தில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து சீட்டுப் போட்டிருந்தோம். வெட்கத்தை விட்டு அதில் என் முறையை முன்னுக்குத் தாருங்கள் என்று கேட்டிருந்தால் வட்டியே இருந்திராது. கேட்டது டிசம்பரில்தான், உடனே தந்தார்கள், ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

உணவு வங்கிக்குப் போவதற்கும் அந்த வெட்கம்தான் தடையாக இருந்தது. வன்னியில் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற காலம் எனக்கு நினைவில் உண்டு. கடல் கடந்து வந்து பதினாறு ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு வரிசையா என்று ஒக்ரோபர் வரை போகவில்லை. போன பிறகு தெரிந்தது, முகவரிக்கு ஒரு சான்றும் பிள்ளைகளின் விவரமும் போதும், யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. கிடைத்தவை உதவின: மக்கரோனி, கொண்டைக்கடலை டின், பீநட் பட்டர், சில வாரம் முட்டை. ஆனால் பீநட் பட்டரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. குத்தரிசி எப்போதாவதுதான் இருக்கும். மகள் மக்கரோனியை இரண்டாவது வாரமே துப்பிவிட்டாள். கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நிற்கும்போது, பிள்ளைக் காசின் மதிப்பு எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. அந்தக் காசில் எதை வாங்குவது என்று நான் தீர்மானித்தேன், என் பிள்ளைகள் எதைத் தின்பார்கள் என்று எனக்குத் தெரியும், யாருக்கும் முகம் காட்ட வேண்டியிருக்கவில்லை. பற்றாக்குறையில் இருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை உணவு வங்கிக்குப் போவதே இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்வதைப் பின்னர் வாசித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. நானும் மூன்று மாதம் அந்தப் பெரும்பாலானவர்களில் ஒருத்தி.

நவம்பரில் திருத்த வேலையைத் தொடங்கினோம். அயலில் உள்ள சமூக நிலையத்தில் தன்னார்வலர்கள் இலவசமாக வரிக் கணக்குச் செய்து கொடுக்கிறார்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காக நாடு முழுவதும் நடக்கும் ஏற்பாடு அது. பலர் மார்ச், ஏப்ரலில்தான் உட்காருவார்கள், சில இடங்களில் ஆண்டு முழுவதும் உண்டு. என் கணக்கைத் திருத்துவதற்கு அங்கே ஒரு வயதான பெண்மணி இரண்டு மணித்தியாலம் செலவிட்டார், ஒரு சதம் வாங்கவில்லை. கணவரின் கணக்கை மட்டும் அவர்களால் செய்ய முடியவில்லை, சுயதொழில் வருமானத்தை அங்கே பொதுவாக எடுப்பதில்லை. அதற்கு முறையான கணக்காளர் ஒருவரிடம் 250 டொலர் கொடுத்தோம். பெற்றோல், காப்புறுதி, கார் பழுது எல்லாம் கழித்த பிறகு அவர் கட்ட வேண்டியதாக வந்தது, நண்பர் பயமுறுத்திய தொகையில் பாதிகூட இல்லை. மாதம் 75 டொலராகக் கட்டுவதற்கு ஒப்புக்கொண்டார்கள். சாலையில் ஓடுகிற ஒவ்வொரு நாளும் கிலோமீற்றரையும் காரணத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்று கணக்காளர் சொன்னார். இப்போது அந்தக் கொப்பி காரின் முன்பெட்டியில் இருக்கிறது.

பிரியவில்லை, தவறாகப் பதிவாகிவிட்டது என்று உண்மையை எழுதிக் கொடுத்தோம். எழுதும்போது கை நடுங்கியது. ஆனால் தொலைபேசியில் பேசிய அலுவலர், தானாக வந்து திருத்துவதுதான் நல்லது என்று சொல்லி, என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை நிதானமாகச் சொன்னார். இந்த முகவரியில் இருக்கிறோம், பிள்ளைகள் எங்களோடு இருக்கிறார்கள், அவர்களைப் பராமரிப்பது நான் என்ற மூன்றுக்கும் சான்று வேண்டும். தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் தாயே முதன்மைப் பராமரிப்பாளர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால் விண்ணப்பமும் கொடுப்பனவும் என் பெயரில்தான். பள்ளிக்கூடம் முகவரியோடும் பெற்றோர் பெயரோடும் ஒரு கடிதம் அன்றே தந்தது. குடும்ப மருத்துவரின் கடிதத்துக்கு 30 டொலர். சிக்கல் வந்தது வீட்டு உரிமையாளரிடம். நிலக்கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பது எங்கும் பதிவாகக் கூடாது என்று, வாடகைச் சான்று தரமாட்டேன் என்றுவிட்டார். நம் ஆட்களிடம் வீடு எடுக்கும்போது நாம் ஒப்பந்தம் கேட்பதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு. அடுத்த வீட்டை எடுக்குமுன் நான் கேட்ட முதல் கேள்வி, கையொப்பமிட்ட வாடகை ஒப்பந்தம் தருவீர்களா என்பதுதான். ஒன்ராறியோவின் ட்ரில்லியம் என்ற உதவிக் கொடுப்பனவுக்கும் கட்டிய வாடகையைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதால் அந்தத் தாள் இரட்டிப்பாக வேண்டியிருக்கிறது. அன்றைக்கு இருவரின் சாரதி அனுமதிப் பத்திரமும் தொலைபேசி, இணையக் கட்டணத் தாள்களும் கைகொடுத்தன.

டிசம்பர் நடுவில் எல்லாம் அனுப்பினோம். 2024 மார்ச் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை விடிய வங்கியைத் திறந்து பார்த்தபோது எட்டு மாதத்து நிலுவை, 9,141 டொலரும், அதன்மேல் மாகாணப் பங்கும் வந்திருந்தன. அழுதேன். ஆனால் அந்தக் காசு நான் நினைத்த வேலையைச் செய்யவில்லை. வாடகை நிலுவை, கடன் அட்டை, சீட்டு, தங்கச்சியிடம் வாங்கியது என்று இரண்டு வாரத்தில் ஏழாயிரம் போய்விட்டது. மிஞ்சியதில் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் ஒரு மூட்டை அரிசியும் மீனும் வாங்கினேன். மார்ச்சில் வந்த காசு திரும்பிப் போய் ஒக்ரோபரில் சமைத்துப் போடாது. வீணாய்ப் போனதை ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன்: கணக்குச் செய்தவருக்கு 180, கணக்காளருக்கு 250, கடன் கட்டணம் 300, வங்கிக்கு 144, வட்டி 210, மருத்துவர் கடிதம் 30. மொத்தம் 1,114 டொலர். ஒரு மாதப் பிள்ளைக் காசு அப்படியே.

ஆய்வுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2016 ஜூலையில் இந்தக் கொடுப்பனவு தொடங்கிய பின், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கடுமையான உணவுப் பற்றாக்குறைக்கு ஆளாகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும், வருமானம் குறைந்த வீடுகளில் குறைவு இன்னும் அதிகம் என்றும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் வலரி டராசக் முதலானோர் 2019 இல் எழுதியிருக்கிறார்கள். குறைந்தது என்றுதான் சொல்கிறார்கள், ஒழிந்தது என்று சொல்லவில்லை. 2024 இல் பத்து மாகாணங்களிலும் நாலு பேரில் ஒருவருக்கு மேல் உணவுப் பற்றாக்குறை உள்ள வீட்டில் வாழ்ந்தார்கள். வாடகை ஏறுகிற வேகத்தில் இந்தத் தொகை ஏறவில்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 2021 இல் அங்கே பிள்ளை வரிச் சலுகையைச் சிறு பிள்ளைக்கு 3,600 டொலராகவும் பெரிய பிள்ளைக்கு 3,000 டொலராகவும் உயர்த்தி, அதில் பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் கொடுத்தார்கள். முதல் மாதக் காசு போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சாப்பாடு போதவில்லை என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 11 இலிருந்து 8.4 ஆகக் குறைந்தார்கள். ஆண்டு முடிந்ததும் நிறுத்தினார்கள். 2021 இல் நூற்றுக்கு 5.2 ஆக இருந்த சிறுவர் வறுமை 2022 இல் 12.4 ஆனது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சாள், அந்த ஆறு மாதமும் கடனில்லாமல் சமைத்தேன், ஆண்டுக்கொரு தடவை மொத்தமாக வரும் காசு பழைய கடனுக்குத்தான் போகிறது என்று சொன்னாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது இவற்றைத்தான் சொல்கிறேன். பெப்ரவரி முடிய, ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் வேலைச் சீட்டுகள் வந்ததும் இருவர் கணக்கையும் ஒரே நாளில் கொடுங்கள். ஒருவருடையதைக் கொடுத்துவிட்டு மற்றவருடையதைப் பிற்போடாதீர்கள். வீடு மாறினால் அந்த வாரமே முகவரியை மாற்றுங்கள். திருமணம், பிரிவு, மறுபடி சேர்ந்தது எதுவானாலும் அடுத்த மாத முடிவுக்குள் தெரிவிக்க வேண்டும். பிரிவு மட்டும் தொண்ணூறு நாள் கடந்தால்தான் பிரிவு. உண்மையாகவே பிரிந்தவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதும் இதே அளவு இழப்புத்தான். புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் விண்ணப்பத்தோடு, வருமுன் இருந்த வருமானத்தையும் குடியுரிமை நிலையையும் கேட்கும் தனித் தாளையும் நிரப்ப வேண்டும். தற்காலிக அனுமதியில் இருப்போர் பதினெட்டு மாதம் கழிந்த பிறகு தகுதி பெறுவார்கள். இதுவரை கேட்காமல் விட்டிருந்தால் பத்து ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். கூடுதல் வேலை செய்தால் காசு போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: 2025 ஜூலையில் தொடங்கிய கொடுப்பனவு ஆண்டுக்குக் குடும்ப வருமான எல்லை 37,487 டொலர், அதைத் தாண்டினால் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒவ்வொரு மேலதிக டொலருக்கும் பதின்மூன்றரைச் சதம் குறையும். மற்றக் கொடுப்பனவுகளும் கொஞ்சம் குறையும், ஆனாலும் வேலையை விடக் காரணமில்லை.

மகளுக்கு 2025 பெப்ரவரியில் ஆறு வயது நிறைந்தது. ஆறு நிறைந்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து தொகை குறையும் என்பதை இந்த முறை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தேன்: 648 டொலர் 91 சதம் 547 டொலர் 50 சதமாகும், மாதம் 101 டொலர் குறைவு. அதனால் அதற்கு முந்திய செப்ரெம்பரிலிருந்து மாதம் இருபது டொலரை ஒதுக்கி, உறைபெட்டியில் மீனாகவும் அலுமாரியில் பருப்பாகவும் சேர்த்து வைத்தேன். மார்ச் 20 அன்று குறைந்த தொகைதான் விழுந்தது. கடைக்குப் போய் ஒரு கிலோ பாரை மீன் வாங்கினேன். அட்டையைப் போட்டு இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் வரை இன்றைக்கும் எனக்கு மூச்சு நின்றுதான் வருகிறது.